கடற்கரையில் இருவர் இருவராக

திருநாவலூர் என்றதும் தமிழ் கற்றோர்க்குச் சுந்தரர் நினைவுக்கு வருவார். தேவாரம் பாடிய மூவருள் ஒருவராகிய அவர் பிறந்த மண் இதுவே. பழைய திருமுனைப்பாடி நாட்டின் சிறந்த ஊர்களுள் ஒன்று. முதற்பராந்தக சோழனின் மைந்தன் இராசாதித்தன் தன் படையுடன் நெடுநாள் தங்கியிருந்த இடம். பின்னர் 949ஆம் ஆண்டு தக்கோலப் போர்க்களத்தில் அவன் மாண்டான் என வரலாறு கூறும். 2019ஆம் ஆண்டு முதல் இவ்வூர் புதிய கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. அருகே ஓடும் கெடிலம் ஆறு கிழக்கு நோக்கிச் சென்று கடலூரில் கடலோடு கலக்கிறது.

சுந்தரரைப் பற்றிச் சேக்கிழார் தம் பெரிய புராணத்தில் விரித்துரைக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. சுந்தரர்மீது சினங்கொண்ட பரவையார், அவரைத் தம் இல்லத்தினுள் வரவிடாது தடுத்துவிடுகிறார். அப்பிணக்கைத் தீர்ப்பதற்கு, இறைவனே நள்ளிரவில் திருவாரூர்த் தெருவில் தூது நடந்தார் என்கிறது அந்நூல். நம் சமயம் வேறு. அக்கதையை நாம் விசுவாசப் பொருளாகக் கொள்வதில்லை. ஆயினும் அதை வழிவழியாகச் சொல்லி வந்த நம் முன்னோரின் உள்ளத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். கணவன் மனைவியர் பேசாதிருப்பது, கடவுளே நேரில் வந்து தீர்க்க வேண்டிய அளவுக்குப் பெரிய துயரம் என்று அவர்கள் கருதினார்களல்லவா?

இந்த வட்டாரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களைச் சந்திக்கும்போதெல்லாம் இந்த நினைவு நமக்கு எழுவதுண்டு. நம் மக்கள் பயணம் செய்யாதவர்கள் அல்லர். ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்குச் செல்கிறார்கள். வீரமாமுனிவர் எழுப்பிய கோணாங்குப்பம் பெரியநாயகி அன்னை ஆலயத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போகிறார்கள். உறவினர் திருமணம், துக்கம், மருத்துவமனை, மகனின் கல்லூரி என்று அலைகிறார்கள். ஆனால் கணவனும் மனைவியும் மட்டுமாக, வேறு எந்த வேலையும் இன்றி, ஓரிரவேனும் வெளியூர் சென்று தங்கியதுண்டா என்று கேட்டால், பெரும்பாலோர் நாணத்தோடு சிரிக்கிறார்கள். "அதெல்லாம் படிச்சவங்களுக்கு, சாமி" என்பதே விடை.

படித்தவர்களுக்கு மட்டுந்தானா அது? இதை ஆய்ந்து பார்க்க விரும்பியே, தை அறுவடை முடிந்த ஒரு வாரத்தில், திருமண வெள்ளிவிழாவைக் கண்டவர்களும் காணவிருப்பவர்களுமான ஆறு தம்பதியரோடு நாம் புதுச்சேரிக்குப் புறப்பட்டோம். இரண்டு பகல், ஓரிரவு. பிள்ளைகள் வரலாகாது, கைப்பேசியில் மாலை ஒருமுறை வீட்டாரிடம் நலம் கேட்டபின் அதை மூடிவைத்துவிட வேண்டும். அன்றியும் மூன்றாவது நிபந்தனை ஒன்றும் விதித்தோம். அதைச் சொல்லக் காரணம் உண்டு.

புதுச்சேரி என்றால் அச்சம்

பயணச் செய்தியைச் சொன்னதும் பெண்களின் முகம் மலரவில்லை, வாடிற்று. "புதுச்சேரியா?" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நம் ஆண்களிற் சிலருக்குப் புதுச்சேரி என்றால் மலிவான மதுக்கடை என்றே பொருள். நண்பர்களோடு மாலையில் கிளம்பி, மறுநாள் தள்ளாடி வீடு திரும்பும் ஊர் அது. வாசலில் விழித்துக் காத்திருந்த மனைவிக்கு அந்தப் பெயரே கசப்பாக இருப்பதில் வியப்பென்ன? ஆகவே, இந்த இரண்டு நாளும் மதுவைத் தொடுவதில்லை என்பது மூன்றாவது நிபந்தனை. அறுவரும் பீடத்தின் முன் நின்று வாக்களித்தனர். வாக்கைக் காத்தும் நின்றனர்.

வழியில் வில்லியனூர்

திருநாவலூரிலிருந்து புதுச்சேரி 70 கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவுதான். நெடுஞ்சாலையை அடைந்து விழுப்புரம் சென்று, அங்கிருந்து வளவனூர், கண்டமங்கலம் வழியாகக் கிழக்கே திரும்பினால், நகருக்குச் சற்று முன்னரே வில்லியனூர் வரவேற்கிறது. 1858ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லூர்து நகரில் அன்னை காட்சி தந்த பின், இருபது ஆண்டுகளுக்குள்ளாகவே அவள் பெயரால் இங்கே திருத்தலம் எழுந்துவிட்டது. பிரான்சிலிருந்து கப்பலில் வந்த சுரூபம் 1877இல் இங்கே நிறுவப்பட்டது. ஆலயத்துக்கு முன்னே அழகிய திருக்குளம், நடுவே அன்னை. லூர்து நகரின் தண்ணீரை இக்குளத்தில் கலக்கும் வழக்கமும் உண்டு.

அந்தப் படிக்கட்டுகளில் தம்பதியர் அமர்ந்து செபமாலை சொன்னார்கள். ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் மறுபுறமுமாகக் கோயிலில் அமர்ந்து பழகியவர்கள். குளக்கரையிலும் அவ்வாறே பிரிந்து அமர்ந்ததைக் கண்டு, "இன்று மட்டும் அவரவர் துணைவரோடு" என்றோம். ஐம்பது வயதைக் கடந்த அம்மாள் ஒருவர், கணவர் அருகில் அமர்ந்து பொதுவிடத்தில் செபம் சொல்வது திருமண நாளுக்குப் பின் இதுவே முதன்முறை என்றார்.

இரு நகரம், ஒரு கால்வாய்

புதுச்சேரி நகரைப் பெரிய வாய்க்கால் ஒன்று இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே கடலையொட்டி, பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த வெள்ளை நகரம். உயர்ந்த மதில்களும், மஞ்சளும் வெண்மையுமான சுவர்களும், அவற்றின்மேல் படர்ந்த காகிதப்பூக் கொடிகளும். மேற்கே தமிழர் பகுதி. திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட வீடுகள். 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இந்திய ஆட்சிக்கு வந்த இந்நகர், 1962இல் சட்டப்படி முழுமையாக இணைந்தது. தெருப் பெயர்களில் இன்னும் பிரெஞ்சு மொழி கேட்கிறது.

நம் மறைமாவட்டத்தார்க்கு இந்நகர் வெறும் சுற்றுலாத்தலம் அன்று, தாய்வீடு. மிஷன் வீதியிலுள்ள அமலோற்பவ அன்னை பேராலயம்தான் புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தின் தலைமைக் கோயில். மக்கள் அதைச் சம்பா கோயில் என்பார்கள். புனித பவுலின் பிரெஞ்சுப் பெயர் தமிழ் நாவில் அவ்வாறு திரிந்தது என்பர். 1692இல் இயேசு சபையார் எழுப்பிய முதற்கோயில், அடுத்த ஆண்டே டச்சுக்காரர் நகரைக் கைப்பற்றியபோது அழிந்தது. மீண்டும் எழுப்பினர். 1761இல் ஆங்கிலேயர் நகரைத் தகர்த்தபோது அதுவும் வீழ்ந்தது. இன்று நாம் காணும் ஆலயம் 1791இல் நிறைவு பெற்றது.

இவ்வரலாற்றைச் சொல்லி முடித்தபோது தம்பதியருள் ஒருவர், "இடிந்த இடத்திலேயே திரும்பவும் கட்டியிருக்கிறார்களே, சாமி! வேறு இடம் பார்த்துப் போகவில்லையே" என்றார். உழவர் அவர், அதிகம் பேசாதவர். நாம் மறுமொழி சொல்லவில்லை. அருகே நின்ற அவர் மனைவி அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்ததை மட்டும் கவனித்தோம்.

தொடர்வண்டி நிலையத்துக்கு அருகே தூய இருதய ஆண்டவர் ஆலயம். கூரிய வளைவுகளும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் கொண்ட கோத்திக் கலைக்கோயில். 1907இல் அருச்சிக்கப்பட்ட இவ்வாலயம் 2011இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. காலைக் கதிர் அச்சாளரங்களின் வழியே விழும் வேளையில் அங்கே திருப்பலி காண்பது பெரும்பேறு. கடற்கரையை அடுத்துள்ள சம்மனசுகளின் இராக்கினி ஆலயம் 1855ஆம் ஆண்டைச் சேர்ந்தது; கப்புச்சின் சபையாரின் நினைவாகக் கப்ஸ் கோயில் என வழங்குகிறது. பிரெஞ்சு மொழியிலும் அங்கே திருப்பலி உண்டு. எதிரேயுள்ள சிறு பூங்காவில் புனித ஜான் தார்க்கின் சிலை நிற்கிறது.

கோயில்களோடு நில்லாமல் பிறவற்றையும் காண வேண்டும். பாரதி பூங்காவின் நடுவே வெண்ணிற ஆயி மண்டபம். நகருக்குக் குடிநீர் வந்ததன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்தது. தன் மாளிகையை இடித்து மக்களுக்குக் குளம் வெட்டிக் கொடுத்தாள் என்று கதை சொல்லும் ஆயி என்ற பெண்ணின் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த இல்லம் இன்று அருங்காட்சியகம். 1908 முதல் 1918 வரை பத்தாண்டு அவர் இந்நகரில் அடைக்கலம் புகுந்திருந்தார். கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் உருவானது இங்கேதான். அக்கவிதைகளை உலகம் அறியும். அந்தப் பத்தாண்டின் வறுமையில் அடுப்பெரித்த செல்லம்மாளை எத்தனை பேர் எண்ணுகிறோம்? நம் பெண்கள் எண்ணினார்கள். கவிஞரின் படங்களைவிடச் செல்லம்மாளின் படத்தின் முன்னேதான் அவர்கள் நெடுநேரம் நின்றார்கள்.

கரையும் மணலும்

மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளைத் தடுத்துவிடுகிறார்கள். நடப்போர்க்கே அச்சாலை உரியதாகிவிடும். செஞ்சியிலிருந்து வந்தவை எனச் சொல்லப்படும் கருங்கல் தூண்கள் சூழக் காந்தியடிகளின் சிலை. 1836இல் எழுந்த பழைய கலங்கரை விளக்கம். முதல் உலகப் போரில் மாண்ட வீரர்களின் நினைவுச் சின்னம். சாலையோரத்தில் சுண்டலும் சோளக்கதிரும். காற்றுக்குக் காசில்லை.

முதல் மாலை நாம் கண்ட காட்சி நம்மை வருத்தியது. ஆண்கள் முன்னே விரைந்து நடக்க, பெண்கள் பத்தடி பின்னே தொடர்ந்தனர். வயல் வரப்பில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். அகன்ற சாலையிலும் கால்கள் வரப்பையே நினைத்துக்கொண்டிருந்தன. ஆகவே அனைவரையும் நிறுத்தி, "ஆண்டவர் தம் சீடரை இருவர் இருவராக அனுப்பினார். நீங்களும் அப்படியே போங்கள். இரவு உணவுக்கு விடுதியில் கூடுவோம்" என்று சொல்லிவிட்டு, நாம் தனியே ஒரு கல்லில் அமர்ந்தோம்.

அக்கல்லைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. புதுச்சேரிக் கரையில் முன்னாளில் அகன்ற மணற்பரப்பு இருந்தது. இந்தக் கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே சுமந்து செல்கிறது. அலை நாள்தோறும் கரையைச் சிறிது கரைக்கும். தெற்கிலிருந்து வரும் மணல் அந்தக் குறையை நிரப்பும். 1980களில் நகருக்குத் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் தடுப்புச் சுவர்கள் எழுந்தன. மணல் தெற்கிலேயே தங்கிவிட்டது. வடக்கே அலை கரைப்பது நிற்கவில்லை. நிரப்ப வருவது நின்றது. மணற்கரை மறைந்தது, சாலையைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டினர். அண்மை ஆண்டுகளில் கடலடியில் தடுப்பு ஒன்றை அமைத்த பின், தலைமைச் செயலகத்துக்கு எதிரே சிறிதளவு மணல் திரும்பியிருக்கிறது.

இல்லறமும் இத்தகையதே. கடன், நோய், பிள்ளைகளின் கவலை, மாமியார் மருமகள் மனத்தாங்கல் என்று அலைகள் நாள்தோறும் வந்து எதையேனும் கரைத்துச் செல்லும். அதைத் தடுக்க இயலாது. ஆனால் ஒரு நல்ல சொல், ஒரு சிரிப்பு, ஒரு மன்னிப்பு என்று மறுபுறத்திலிருந்து வந்து நிரம்பிக்கொண்டிருக்கும்வரை கரை நிலைக்கும். அந்த வரவை நடுவே ஏதேனும் ஒரு சுவர் தடுத்துவிட்டால், பெரும்புயல் வேண்டியதில்லை. அன்றாட அலையே போதும்.

வீராம்பட்டினத்துக் காலை

மறுநாள் விடியலில் நகருக்குத் தெற்கே வீராம்பட்டினம் சென்றோம். மீனவர் ஊர், விரிந்த மணற்கரை. அருகேதான் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து, உரோமை நாட்டோடு தமிழர் நடத்திய வாணிகத்துக்குச் சான்று கண்ட இடம். பதினெட்டாம் நூற்றாண்டு மறைபரப்பாளரின் இல்லம் ஒன்றின் இடிபாடுகளும் அங்கே மரங்களுக்கிடையே நிற்கின்றன.

சம்பா கோயிலில் பேசிய உழவரையும் அவர் மனைவியையும் பற்றி இங்கே எழுதுகிறோம். பெயரைக் குறிக்காமல் எழுதலாம் என்று இருவருமே இசைவு தந்தார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் தோண்டிய ஆழ்துளைக் கிணறுகள் இரண்டும் பொய்த்துப் போயின. கடன்காரர் நெருக்கவே, மனைவி தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த சங்கிலியை அவளுக்குத் தெரியாமல் விற்றுவிட்டார். செய்தி பிறர் வாயிலாக அவள் காதுக்கு எட்டியது. அன்றிலிருந்து அந்த வீட்டில் "சோறு வைக்கவா?", "வை" என்பதற்குமேல் பேச்சில்லை. ஞாயிறுதோறும் ஒன்றாகவே கோயிலுக்கு வந்தார்கள், நற்கருணை வாங்கினார்கள். பங்கில் எவருக்கும் தெரியாது.

அந்தக் காலையில் அம்மாள் முழங்கால் அளவு நீரில் நின்றிருந்தார். வாழ்நாளில் கடலில் கால் வைத்தது அன்றுதான். அலை திரும்பும்போது காலடி மணல் நழுவவே தடுமாறினார். கணவர் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அதன்பின் இருவரும் ஒரு கட்டுமரத்தின் நிழலில் நெடுநேரம் அமர்ந்திருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நாம் கேட்கவில்லை. திரும்பும் பேருந்தில் அம்மாளே சொன்னார்: "நகை போனதுக்காக நான் அழல, சாமி. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கழட்டிக் கொடுத்திருப்பேன். அதைத்தான் இன்னிக்கு அவருகிட்டச் சொன்னேன். 'எந்த முகத்தை வச்சிக்கிட்டு உன்னைக் கேக்கறதுன்னு தெரியாமத்தான் கேக்கல'ன்னார்."

சங்கிலி திரும்பி வரவில்லை. கடன் இன்னும் முழுதும் தீரவில்லை. ஆனால் நான்கு ஆண்டு அடைபட்டுக் கிடந்த பேச்சு திறந்துவிட்டது. வீட்டில் நான்கு ஆண்டில் கிட்டாத ஒரு மணி நேரம், கடற்கரையில் கிட்டியது. அங்கே மாடு கத்தவில்லை. மருமகள் வந்து நிற்கவில்லை. செய்து முடிக்க வேண்டிய வேலை ஏதும் இல்லை.

திருநூலும் திருச்சபையும்

புதிதாக மணம் முடித்தவன் ஓராண்டு போருக்குச் செல்ல வேண்டாம், இல்லத்திலிருந்து தன் மனைவியை மகிழ்விக்கட்டும் என்று மோசேயின் சட்டமே விதிவிலக்கு அளித்தது என்பதை இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரத்தில் காணலாம். போரைவிட முக்கியமான கடமையாக மனைவியின் மகிழ்ச்சியை வைத்த சட்டம் அது! உண்பதற்கும் நேரமின்றி உழைத்த சீடரைத் தனிமையான இடத்துக்கு வந்து சற்றே இளைப்பாறும்படி அழைத்தார் நம் ஆண்டவர். உயிர்த்தபின் திபேரியாக் கடற்கரையில் அவர்களுக்குக் கரிநெருப்பில் மீன் சுட்டு வைத்திருந்ததும், தம்மை மறுதலித்த பேதுருவோடு மனம்விட்டுப் பேசியதும் அக்கரையில்தானே?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் திருமணத்தை வாழ்வும் அன்பும் கலந்த நெருங்கிய தோழமையாக எடுத்துரைத்தது. திருத்தந்தை பிரான்சிசு 2016இல் வெளியிட்ட அன்பின் மகிழ்வு என்னும் மடலில், அன்புக்கு நேரம் வேண்டும், தம்பதியர் ஒருவருக்கொருவர் நேரம் ஒதுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். நேரத்தைப் பணக்காரர்க்கு மட்டும் கடவுள் கொடுக்கவில்லை.

புறப்படுவோர்க்குச் சில சொற்கள்

பெருஞ்செலவு வேண்டியதில்லை. அரசுப் பேருந்தே போதும். சனி ஞாயிறுகளிலும் ஆண்டுப் பிறப்பையொட்டியும் புதுச்சேரியில் கூட்டம் மிகுதி, வாடகையும் உயரும். வார நாட்களில் செல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை புயல் மழைக்காலம். தை முதல் பங்குனி வரை உழவர் குடும்பங்களுக்கு ஏற்றது. கடலில் கணுக்கால், முழங்கால் அளவுக்குமேல் இறங்க வேண்டாம். இந்தக் கடலில் இழுப்பு மிகுதி. புதுச்சேரி இயலாதோர் கடலூர் வெள்ளிக் கடற்கரைக்குப் போய் வரலாம். கடல் எங்கும் ஒரே கடல்தான்.

வீட்டிலுள்ள பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மகனும் மருமகளும் இரண்டு நாள் வெளியே போய்வர விரும்பினால், "குழந்தைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், போய் வாருங்கள்" என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள். வளர்ந்த பிள்ளைகளே, உங்கள் தாய் தந்தையின் வெள்ளிவிழாவுக்குப் பந்தலும் பிரியாணியும் போடும் செலவில் சிறு பங்கு போதும். அவர்களை இருவராகக் கடலுக்கு அனுப்பிவையுங்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் கோழியை அடைக்கவும் அண்டை வீட்டார் இல்லாமலா போய்விடுவார்கள்?

அடுத்த தை அறுவடைக்குப் பின் மீண்டும் புறப்பட எண்ணியிருக்கிறோம். இம்முறை பெண்கள்தாம் முதலில் பெயர் கொடுத்திருக்கிறார்கள். திருக்குடும்பத்தின் தலைவராம் புனித சூசையப்பரும், கானாவூர்த் திருமண வீட்டில் குறையை முதலில் கண்ட அன்னை மரியாளும் நம் இல்லங்கள் அனைத்துக்காகவும் பரிந்து பேசுவார்களாக.